யாரைப் பார்த்து எழுதுன?

மொத்தம் 43 கட்டுரைகள். தலைப்பு 'எனக்கு ஊக்கம் அளித்தவர்'. 38 பேர் அப்துல் கலாம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று பேர் காமராசர். ஒருத்தி அன்னை தெரசா. மிச்சமிருந்த ஒரு தாளில் பெயர், வகுப்பு, தேதி. அவ்வளவுதான், கீழே வெள்ளை.

கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. தலைப்பைக் கொடுத்தவன் நான். கொடுத்த நாள் அக்டோபர் 15, கலாமின் பிறந்தநாள். தமிழ்நாட்டில் 2015இலிருந்து அதற்கு 'இளைஞர் எழுச்சி நாள்' என்று பெயர். காலையில் வழிபாட்டுக் கூட்டத்தில் கலாம், பிறகு பேச்சுப்போட்டியில் கலாம், அப்புறம் 'பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அண்ணன்' வந்து அரை மணி நேரம் கனவு காணச் சொல்லிவிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் வேறு யாரை எழுதுவார்கள்? அந்த அண்ணனும் நான்தான். ஆகவே முதல் கல் என் மேலேயே விழட்டும்.

38 கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் தொடங்கின. பதினொன்றில் ஏவுகணை 'ஏவுகனை' ஆகியிருந்தது. பிழைகூடக் கைமாறி வந்திருக்கிறது. ஆசிரியருக்கு என் முன்னால் சங்கடமாகிவிட்டது. முன்வரிசைப் பையனை எழுப்பி, "யாரைப் பார்த்துடா எழுதுன?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்துப் பெஞ்சும் சேர்ந்து குனிந்தது.

மலையிறங்கும் பேருந்தில், அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும், அந்தக் கேள்விதான் மண்டையில் சுற்றிக்கொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள். நம் பள்ளிக்கூட வாழ்க்கை முழுவதிலும் 'இது உனக்கு எங்கிருந்து வந்தது' என்று ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் கேட்டிருக்கிறார்கள். காப்பி அடித்து மாட்டிக்கொள்ளும்போது. மூலத்தைச் சொல்வது என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. பன்னிரண்டு வருஷம் இதில் பழகிய பிள்ளையிடம் திடீரென்று ஒருநாள் 'உன் ஊக்கத்தின் ஊற்றைப் பகிர்ந்துகொள்' என்றால் அது என்ன செய்யும்? மாட்டிக்கொள்ளாத பதிலாகப் பார்த்துச் சொல்லும். கலாம் மாட்டிக்கொள்ளாத பதில்.

நான் படித்தது இதே மலைக்குக் கீழே, நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி. பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே அச்சு. கோழிப்பண்ணைகளுக்கும் பள்ளிகளுக்கும் பேர்போன மாவட்டம் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே கேலி செய்யும். பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைப்பார்கள். 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இந்த வித்தையும் ஒரு காரணம். விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கொல்லிமலை நீலமாகத் தெரியும். இரண்டு வருஷம் பார்த்தேன், ஒரு ஆசிரியரும் அதைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. புறநானூற்றில் ஓரி பற்றிய பாட்டு பாடத்தில் இருந்தது. ஓரியின் மலை ஜன்னலில் இருந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் நேரமில்லை.

பொறியியல் கல்லூரியில் நிலைமை இன்னும் மோசம். ரெக்கார்டு நோட்டை சீனியரைப் பார்த்து எழுதினோம், சீனியர் அவருடைய சீனியரைப் பார்த்து எழுதியிருந்தார். யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. வேலைக்குப் போன பிறகுதான் உலகம் தலைகீழாக இருப்பதைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் பார்த்து எழுதுவது குற்றமில்லை, பார்த்த இடத்தைச் சொல்லாததுதான் குற்றம். ஒரு நிரல் எந்தெந்த நூலகங்களைச் சார்ந்து நிற்கிறது என்று தனிக் கோப்பில் பட்டியல் போடுவோம். உரிமக் குறிப்பை மதிப்போம். எங்கிருந்தோ பத்து வரி எடுத்தால் மேலே அந்தச் சுட்டியை எழுதி வைப்போம். என் மூத்த சகா முதல் வாரத்தில் என்னிடம் கேட்ட கேள்வியும் அதே கேள்விதான்: "இதை எங்க பாத்தீங்க?" எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று புரிய ரொம்ப நேரம் பிடித்தது.

சரி, கலாமிடம் வருவோம். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. அவர் தன் ஊற்றை ஒளித்ததே இல்லை. ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்ரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார், புரிகிறதா என்று கேட்டார், புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னதும் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். கலாம் இதை மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார். அதாவது கலாமுக்கு ஊக்கம் தந்தது இன்னொரு கலாம் இல்லை. தெருக்கோடியில் இருந்த ஒரு வாத்தியார், தினமும் கண்ணில் படுகிற ஒரு பறவை, நடந்தே போய்விடக்கூடிய ஒரு கடற்கரை. நாம் அந்தப் பறவையை விட்டுவிட்டு அவர் படத்தைப் பிடித்துக்கொண்டோம். ஸ்டேஷனரி கடையில் தேசத் தலைவர்கள் படத்தாள் கிடைக்கும், வெட்டி சார்ட்டில் ஒட்டினால் 'செயல்திட்டம்' முடிந்தது. 2012இல் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீடு பிள்ளைகளின் சொந்த வேலைக்கு இடம் தரும் என்றார்கள். லாபம் படத்தாள் விற்றவருக்குத்தான். இப்போது அந்த இடத்துக்கு சாட்ஜிபிடி வந்திருக்கிறது. அதுவும் கலாமைத்தான் எழுதித் தருகிறது, 'ஏவுகணை'யை மட்டும் சரியாக எழுதுகிறது.

இதற்கு மாற்று மருந்தாக 'சொந்தமாகச் சிந்தி' என்று ஒன்றை நீட்டுகிறார்கள். அது இன்னும் பெரிய பொய். யாரும் சொந்தமாகச் சிந்திப்பதில்லை. எங்கிருந்தோ எடுக்கிறோம். எடுத்த இடம் உயர்வானதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கும்பகோணத்தில் பதினைந்து பதினாறு வயதில் ராமானுஜன் கைக்கு வந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு இலக்கியத் தரமான கணித நூல் ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவர், ஏறக்குறைய 5000 தேற்றங்களை, பெரும்பாலும் நிரூபணம்கூட இல்லாமல் வரிசையாக அடுக்கிய புத்தகம். நம் ஊர்க் கணக்கில் ஒரு கைடு. அந்தக் கைடுதான் அவரைக் கிளப்பிவிட்டது. எது யாரைக் கிளப்பும் என்று முன்கூட்டியே தெரிந்த வாத்தியார் உலகத்தில் கிடையாது. பட்டியல் போட்டுக் கொடுக்கிற வேலையை அதனால்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

நிறுத்திவிட்டு என்ன செய்வது? இதற்குப் பின்லாந்து போக வேண்டாம். நம்மிடம் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற கலைஞனைப் பார்த்து, 'நான் வாங்கியது இன்னாரிடம், நீயும் போ' என்று வழி சொல்வது. பரீட்சையில் இதற்கு இலக்கணம் கேட்பார்கள், இரண்டு மதிப்பெண். இதைவிட அற்புதமான வகுப்பறைத் திட்டம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஏனென்றால் அதில் சொல்கிறவன் 'அவர் மிகச்சிறந்த வள்ளல்' என்று ஒரு வரியில் முடிப்பதில்லை. பொருநராற்றுப்படையில் இரவும் பகலும் கறி தின்று பல்லே மழுங்கிப்போன கதையைச் சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் வழி விவரமாக வருகிறது: எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கிடைக்கும், ஆமூரில் சோற்றோடு நண்டுக்கறி கிடைக்கும். பசித்தவனுக்கு என்ன தேவையோ அது இருக்கிறது. போற்றுதல் பின்னால் வருகிறது, முதலில் பாதை. அதே நூல் கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது, கூத்தர்களுக்கு நாடு கொடுத்தவன் என்று ஓரியையும் சொல்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பெருக்கையொட்டி அரசு விழா எடுக்கிறது. மாலை போட்டு, அமைச்சர் பேசி, கலைந்துவிடுகிறோம். ஓரிக்கும் கலாமுக்கும் நாம் செய்கிற மரியாதை ஒன்றேதான்.

ஆகவே அடுத்த முறை போனபோது தலைப்பு கொடுக்கவில்லை. (அடுத்த முறை என்றால் நான்கு மாதம் கழித்து. தன்னார்வலர்களின் 'தொடர் பணி' இப்படித்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) யார் என்று கேட்காமல் இப்படிக் கேட்டேன்: "போன வாரம் எதையாவது பார்த்துட்டு, நாமளும் இதைச் செய்யணும்னு தோணுச்சா? அது எங்க இருக்கு? நான் போய்ப் பார்க்கணும்னா எப்படிப் போகணும்?" எழுத வேண்டாம், மதிப்பெண் கிடையாது, சொல்லப் பிடிக்காவிட்டால் 'அடுத்து' என்றால் போதும். முதலில் நானே சொன்னேன். கலாமைச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் எங்கள் தெரு கேபிள் டிவிக்காரர் மாடியில் ஏறி ஒரு வயரைச் சீவி இன்னொன்றோடு முறுக்கியதும் எங்கள் வீட்டில் படம் தெரிந்ததைச் சொன்னேன். அவர்தான் நான் எலக்ட்ரானிக்ஸ் எடுத்ததற்குக் காரணம். கல்லூரி நேர்முகத்தில் நானும் கலாம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

வகுப்பு ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவரைப் பார்த்துத்தான் தமிழ் எடுத்தேன் என்றார். ஒன்பது வருஷமாக அதே பள்ளியில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இதைக் கேட்கிறார்கள்.

அப்புறம் வந்தது கலவையாக வந்தது. எல்லாமே கவிதையாக இருந்தது என்று கதைவிட மாட்டேன். ஏழெட்டுப் பேர் 'அடுத்து' சொன்னார்கள். நான்கு பேர் விஜய். ஒருவன் சாலை வெட்ட வந்த ஜேசிபியின் டிரைவர், "பாறைய முட்டையத் தூக்குற மாதிரி தூக்குறார் சார்". ஒருத்தி, ஊசி போடும்போது வலிக்காத மாதிரி பேசுகிற நர்ஸ் அக்கா. இன்னொருத்தி, பாட்டி முறத்தில் சாமையைப் புடைக்கும்போது கல் மட்டும் தனியாக ஒதுங்குவது, "நான் புடைச்சா எல்லாம் கலந்துருது". ஒருவன் ரிக் வண்டி. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போன அவன் அண்ணன் ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து வீடியோ கால் செய்கிறானாம். "மணலு எப்படி இருக்கும்னு காட்டுனான் சார்."

என்னோடு வந்த நண்பர்கள் இரண்டு பேர் சாமைப் பாட்டியில் உருகிவிட்டார்கள். இதைத்தான் நாம் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். ரிக் வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு அங்கேதான் கோபம் வந்தது, இதை எழுத உட்கார்ந்ததும் அந்தக் கோபத்தில்தான். இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நீங்களும் சாமைப் பக்கம்தான் சாய்வீர்கள். நானும்தான். நமக்கு ஊக்கம் கலிஃபோர்னியாவிலிருந்தும் போர்ஹேஸிடமிருந்தும் வரலாம். மலையாளி இனத்துப் பிள்ளைக்கு மட்டும் அது பாட்டியிடமிருந்தும் மண்ணிலிருந்தும்தான் வரவேண்டும். இது வேறு மாதிரியான கலாம் கட்டுரை. சரியான பதிலை இந்தத் தடவை நாம் எழுதி வைத்திருக்கிறோம்.

சாமை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொல்லிமலையில் வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று வகைகள் உண்டு. குச்சிக்கிழங்குக்கு, புத்தகத் தமிழில் மரவள்ளிக்கு, சமவெளியில் ஜவ்வரிசி ஆலைகள் காத்திருந்ததால் காட்டில் பாதியைக் கிழங்கு பிடித்துக்கொண்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஊர்களில் விதை வங்கிகள் அமைக்க உதவியது. விதையைக் கடனாக எடுத்து விதைத்து, அறுவடைக்குப் பிறகு கூடுதலாகத் திருப்பித் தருவது முறை. வங்கி வருவதற்கு முன்பும் விதை வீட்டுக்கு வீடு கைமாறித்தான் பிழைத்திருந்தது. யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத விதையை நம்பிக் காட்டைக் கொடுக்க முடியாது. ஒருத்தர் காட்டில் பொய்த்தால் இன்னொருத்தர் வீட்டுத் தொம்பையில் இருக்கும். இந்த மலையில் விவசாயத்தில் மூலத்தைக் கேட்பது குற்றமாக இருந்ததில்லை. பள்ளிக்கூடம் வந்துதான் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. (பழங்குடி அறிவு என்று இதற்கு நான் கொடி பிடிக்கவில்லை. எங்கள் நிரல் களஞ்சியங்களிலும் இதேதான் நடக்கிறது.)

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை 'டீச்சர்' என்று 1963இல் ஒரு புத்தகம் எழுதினார். அரசாங்கம் கொடுத்த வாசிப்புப் புத்தகத்தில் சமர்த்தான வெள்ளைக்காரப் பிள்ளைகள் சமர்த்தாக விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாவோரிப் பிள்ளைகளுக்கு அது மண்டையில் ஏறவில்லை. அவர் ஒவ்வொரு பிள்ளையிடமும் தினம் ஒரு வார்த்தை கேட்டார், 'உனக்கு எந்த வார்த்தை வேண்டும்?' கேட்டதைத் தடித்த அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய் என்று கேட்டது ஒன்று, முத்தம் என்றது ஒன்று, சண்டை என்றது ஒன்று. மறுநாள் பிள்ளை தன் அட்டையை அடையாளம் கண்டால் அது பிள்ளைக்கு. காணாவிட்டால் அட்டை குப்பைக்கு, அது முக்கியமான வார்த்தையாக இருந்திருக்கவில்லை. அவர் எந்த வார்த்தையையும் 'இது நல்ல வார்த்தையா' என்று தட்டிப் பார்க்கவில்லை. நான் கவனித்தது இதைத்தான். பேய் வந்தால் பேய். நம் வகுப்பில் விஜய் வந்தால் விஜய்தான், ரிக் வந்தால் ரிக்தான். அடுத்த கேள்வியை ஒழுங்காகக் கேட்டால் போதும். விஜய்கிட்ட எது? டான்ஸா? எந்தப் பாட்டுல எந்த ஸ்டெப்பு? எப்படிக் கத்துக்கிட்ட? நான்கு விஜய்களில் ஒருத்தன் வீடியோவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு ஸ்டெப்பாக நிறுத்திப் பார்த்துப் பழகியதைச் சொன்னான். பக்கத்துப் பையனுக்கு வேகத்தைக் குறைக்கலாம் என்றே தெரியாது. அவ்விடத்திலேயே கற்றுக்கொடுத்தான். வகுப்பில் அன்றைக்கு நடந்த ஒரே உருப்படியான பாடம் அது. எனக்கும் ஆசிரியருக்கும் அதில் பங்கில்லை.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பகிர் என்று சொல்வது சிலருக்கு உடுப்பைக் கழற்று என்று சொல்வது மாதிரி. விடுதிப் பிள்ளையிடம் வீட்டைப் பற்றிக் கேட்டால் அங்கே என்ன கிளறுகிறோம் என்று நமக்குத் தெரியாது. அப்பா இல்லாத பிள்ளை, சாதிப் பெயரைச் சொல்லாமல் தொழிலைச் சொல்ல முடியாத பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். ஆர்வக் கோளாறில் 'கூச்சப்படாம சொல்லு' என்று நெருக்குகிற தன்னார்வலர், பிரம்பு வைத்திருந்த வாத்தியாரைவிட மோசம். கூச்சம் பிள்ளையின் சொத்து. 'அடுத்து' என்று சொல்கிற உரிமை இல்லாத வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். மதிப்பெண்ணும் போடாதீர்கள். போட்ட அடுத்த வருஷமே 'எனக்கு ஊக்கம் தந்த என் பாட்டி' கைடில் வந்துவிடும், முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே பாட்டி.

ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏறாமல் சிக்னல் தேடி மைதானத்து மூலைக்கு நடக்கிறவரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அவரிடம் இன்னொரு திட்டத்தை நீட்டுவதற்குப் பதில் சும்மா இருக்கலாம். நான் கேட்பது திட்டமில்லை. 'யாரைப் பார்த்து எழுதுன' என்ற கேள்வி ஏற்கனவே அவர் வாயில் இருக்கிறது, ஒருநாளைக்குப் பத்து முறை வருகிறது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான். குரல் மாறினால் போதும். பார்த்து எழுதியவன் பார்த்த இடத்தைச் சொன்னால் அடிக்கு ஒரு வரியில் அதை எழுதிவிட்டு உட்காரட்டும். அந்த 38 கட்டுரைகளின் அடியிலும் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், முதலில் எழுதிய ஒரு பிள்ளையை நாங்கள் கண்டுபிடித்திருப்போம். அது எந்தப் பிள்ளை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. 'ஏவுகனை' என்று தப்பாகவாவது தானே எழுதிய பிள்ளை.

வெள்ளைத்தாள் கொடுத்த பையன் இரண்டாவது முறையும் 'அடுத்து' என்றான். பேருந்துக்கு நின்றபோது ஓடிவந்து நோட்டில் கிழித்த காகிதம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனான். அதில் இப்படி இருந்தது:

'சோளக்காட்டுல எறங்கி சந்தைக்குப் பின்னாடி போங்க. தகரக் கொட்டாய். மோட்டாருக்குக் காயில் கட்டுற அண்ணன். எண்ணாமலே கம்பி சுத்துவாரு ஆனா சுத்து சரியா இருக்கும். மத்தியானம் தூங்குவாரு. எழுப்பாதீங்க திட்டுவாரு. நாலு மணிக்கு மேல போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.'

நான் போனபோது மணி இரண்டே கால். கொட்டாய்க்குள் எரிந்துபோன பழைய செம்புக் கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒருத்தர் பாயில் படுத்திருந்தார். எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். நாமக்கல் பஸ் மூணு மணிக்கு, அதை விட்டா ஆறரைக்குத்தான் என்றார் டீக்கடைக்காரர். பரவாயில்லை என்றேன்.